கோபன்ஹேகனில் அரை நாள், மூன்று நடைகள்: எதில் இறங்குவது?

இந்தக் கேள்வி எனக்குப் பல விதமாக வந்திருக்கிறது. ஸ்வீடனின் மால்மோவில் வேலை பார்ப்பவர்கள், ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலம் தாண்டிக் கூட்டி வருவார்கள். விமானம் மாறும்போது நடுவில் ஏழெட்டு மணி நேரம் கிடைத்தவர்கள் உண்டு. காலையில் கப்பலிலிருந்து இறங்கி மாலையில் ஏறியாக வேண்டியவர்கள் உண்டு. எல்லோர் கையிலும் இருப்பது ஒரு நாள். போக வர, சாப்பிட என்று கழித்தால் அரை நாள். வழிகாட்டி வேண்டாம், நாமே நடந்து பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். எந்தப் பக்கம் நடப்பது என்பதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

தேடிப் பார்த்தால் 'ஒரே நாளில் இருபது இடங்கள்' என்ற பட்டியல்கள்தான் வரும். அப்படி ஒன்றை நம்பி நானும் முதல் தடவை நடந்தேன். எல்லா இடத்திலும் ஒரு போட்டோ எடுத்தேன், எந்த இடத்திலும் பத்து நிமிடம் நிற்கவில்லை. ராத்திரி கட்டிலில் காலைத் தூக்கிச் சுவரில் சாய்த்துக்கொண்டு போட்டோக்களைப் புரட்டினால், எந்தக் கோபுரம் எந்தத் தேவாலயத்துடையது என்றே தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்த ஊரின் பழைய பகுதியை மூன்று நடைகளாகப் பிரித்துக்கொண்டேன். ஒவ்வொன்றும் அரை நாளுக்குப் போதும். மூன்றையும் ஒரே நாளில் முடிக்க முடியுமா என்று கேட்டால், முடியும். ஆனால் பட்டியல் கதைதான் திரும்ப நடக்கும்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

முதலில் கால். இந்த ஊர் சமதளம், மேடு பள்ளம் கிடையாது. தொல்லை தருவது தரைதான். பழைய தெருக்களில் பதித்திருக்கும் உருண்டைக் கற்கள் மெல்லிய செருப்புக்கும் குழந்தையின் தள்ளுவண்டிக்கும் எதிரி. முழங்கால் வலி உள்ளவர்கள் கூட வந்தால், எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட எத்தனை தூரம் கல் பாவிய தெரு என்பதே முக்கியம்.

இரண்டாவது, வானிலை. மழையைவிடக் காற்றுதான் ஆளை வாட்டும். துறைமுக ஓரம் நடக்கும்போது மே மாதத்தில்கூடக் காது மடல் எரியும். ஒதுங்க இடமிருக்கும் நடை வேறு, இல்லாத நடை வேறு.

மூன்றாவது, வெளிச்சம். டிசம்பரில் சூரியன் காலை எட்டரை வாக்கில்தான் தலைகாட்டும், பிற்பகல் மூன்றே முக்காலுக்குள் மறைந்துவிடும். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். குளிர்காலத்தில் மதியச் சாப்பாடு முடித்துவிட்டு நடக்கலாம் என்று உட்கார்ந்தால் நாள் முடிந்தது.

நான்காவது, காசு. டென்மார்க்கில் யூரோ இல்லை, குரோன். தெருவில் நடக்க டிக்கெட் கிடையாது. கோபுரம் ஏறுவதற்கும் அரண்மனைக்குள் போவதற்கும்தான் செலவு. நால்வர் குடும்பம் ஒரு நடையில் மூன்று இடங்களுக்குள் நுழைந்தால், சேரும் தொகையை ரூபாயில் மாற்றிப் பார்க்காமல் இருப்பது மனதுக்கு நல்லது.

கடைசியாக ஒன்று. இதை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை, நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்: பார்க்கும் இடங்கள் ஒன்றோடொன்று பேசுகின்றனவா? வழிகாட்டியோடு போனால் அவர் கதையைக் கோத்துத் தருவார். தனியாக நடக்கும்போது அந்தக் கோர்வை தெருவிலேயே இருக்க வேண்டும்.

## நடை 1: நகர மண்டபத்திலிருந்து நியூஹாவ்ன் வரை

பெரும்பாலானோர் போகும் வழி இது. நகர மண்டபத்தில் தொடங்கி, ஸ்ட்ரோயெட் கடைத்தெரு வழியாக அன்னை தேவாலயம், வட்டக் கோபுரம், ரோசன்போர்க் அரண்மனை பார்த்துவிட்டு, வண்ண வீடுகள் வரிசையாக நிற்கும் நியூஹாவ்ன் கால்வாயில் முடிக்கலாம். சுற்றி வளைத்து மூன்று கிலோமீட்டர் சொச்சம்.

நகர மண்டபம் 1905-இல் திறக்கப்பட்டது. கட்டியவர் மார்ட்டின் நூரோப். உள்ளே போக டிக்கெட் இல்லை. ஆனாலும் பலர் வாசலில் போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். உள்ளே யென்ஸ் ஓல்சன் என்பவர் வடிவமைத்த வானியல் கடிகாரம் 1955-லிருந்து ஓடுகிறது. அதிலுள்ள ஒரு பல்சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற 25,753 ஆண்டுகள் ஆகும். குழந்தைகளிடம் இதைச் சொல்லிவிட்டு அந்தச் சக்கரத்தைத் தேடச் சொல்லுங்கள், நன்றாகப் பொழுது போகும்.

ஸ்ட்ரோயெட்டில் 1962-லிருந்து வண்டிகள் கிடையாது. ஆனால் அந்தத் தெருவின் பெரும்பகுதி எந்த ஊரிலும் இருக்கும் துணிக்கடைகள்தான். நடுவே வரும் பழைய சதுக்கத்தில் 1608-ஆம் ஆண்டின் நீரூற்றுக்காக ஒரு நிமிடம் நில்லுங்கள். அப்புறம் இடப்பக்கம் திரும்பிப் பல்கலைக்கழகம் இருக்கும் தெருக்களுக்குள் நுழைந்துவிடுவது உத்தமம்.

இந்த நடையில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் உண்டு. 'பழைய ஊர்' என்று சொல்லப்படும் இந்தப் பகுதி பார்வைக்குத் தெரிகிற அளவுக்குப் பழையதில்லை. 1728-இலும் 1795-இலும் பெருந்தீ. 1807-இல் ஆங்கிலேயக் கடற்படை ஊர் மீதே குண்டு வீசியது. அதில் எரிந்த அன்னை தேவாலயத்தைத் திரும்பக் கட்டி முடிக்க 1829 ஆயிற்று. தெரு முனைகளில் வீடுகளின் மூலை கூர்மையாக இல்லாமல் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். 1795 தீக்குப் பிறகு, தீயணைப்பவர்களின் நீண்ட ஏணிகள் முனையில் சிக்காமல் திரும்ப வேண்டும் என்று செய்த ஏற்பாடு அது. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு எல்லா முனையிலும் அதுதான் தெரியும்.

வட்டக் கோபுரத்துக்கு டிக்கெட் உண்டு, கொடுக்கலாம். 1642-இல் கட்டி முடித்த வானாய்வுக் கோபுரம் இது. ஏறுவதற்குப் படிகளுக்குப் பதில் ஏழரைச் சுற்றுச் சுற்றி மேலே போகும் 209 மீட்டர் சாய்தளம் இருக்கிறது. ரஷ்யாவின் மகா பீட்டர் 1716-இல் குதிரையிலேயே மேலே போனதாகச் சொல்வார்கள். படி ஏற முடியாத பெரியவர்களும் நின்று நின்று ஏறிவிடலாம். உச்சியில் மட்டும் ஒரு குறுகிய படிக்கட்டு வரும்.

ரோசன்போர்க்கில் அரச நகைகள் இருக்கின்றன. எனக்கு நினைவில் நிற்பது வேறு. இதைக் கட்டிய மன்னர் நான்காம் கிறிஸ்டியன் 1644-இல் கடற்போரில் ஒரு கண்ணை இழந்தார். முகத்திலிருந்து எடுத்த குண்டுச் சிதறல்களைக் கம்மலில் பதித்துத் தன் காதலிக்குக் கொடுத்தார். அந்தக் கம்மல் உள்ளேயே இருக்கிறது. இந்த மன்னரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாம் நடையில் திரும்பவும் வருவார்.

இதில் மறைந்திருக்கும் செலவு நேரம். ரோசன்போர்க்குக்குள் நுழைந்தால் ஒன்றரை மணி நேரம் போய்விடும், சீசனில் வரிசை தனி. இன்னொன்று நியூஹாவ்ன். வெயில் விழும் பக்கத்து மேசைகளில் உட்கார்ந்து சாப்பிட்டால் காட்சிக்கும் சேர்த்துத்தான் விலை. உள்ளூர்க்காரர்கள் கடையில் எதையாவது வாங்கிவந்து கால்வாய் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நாமும் அப்படியே செய்யலாம்.

மழை நாள், குளிர்காலம், குழந்தைகள் இருக்கும் குடும்பம் என்றால் இந்த நடைதான். நினைத்த இடத்தில் ஒதுங்கலாம், வழியெல்லாம் மெட்ரோ நிலையங்கள், கழிப்பறைக்கும் அலைய வேண்டாம்.

## நடை 2: நியூஹாவ்னிலிருந்து கடற்கன்னி வரை

"கடற்கன்னி சிலையைப் பார்க்காமல் வந்தேன் என்று சொன்னால் சிரிப்பார்கள்" என்று நினைப்பவர்களுக்கான நடை. அமாலியன்போர்க் அரண்மனைகள், பளிங்குத் தேவாலயம், காஸ்டெல்லெட் கோட்டை, கடைசியில் சிலை. போகும் தூரம் இரண்டரைக் கிலோமீட்டர். அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்பதை யாரும் முதலில் சொல்வதில்லை.

சிலையைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உயரம் ஒன்றேகால் மீட்டர். எட்வர்ட் எரிக்சன் செய்து 1913-இல் வைத்தது. செலவை ஏற்றுக்கொண்டவர் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் கார்ல் யாகோப்சன். 1964-இலும் 1998-இலும் யாரோ தலையை அறுத்துக்கொண்டு போனார்கள், நடுவே 1984-இல் ஒரு கை போயிற்று. ஒவ்வொரு தடவையும் சரி செய்து உட்கார வைத்திருக்கிறார்கள். பாறைக்குப் பின்னால் தெரிவது எதிர்க்கரைத் துறைமுகம், முன்னால் நிற்பது பேருந்துக் கூட்டம். ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டு "இவ்வளவுதானா?" என்று திரும்புகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதற்காகவே அங்கே உட்கார்ந்திருக்கலாம்.

ஆனால் வழி நன்றாக இருக்கும். அமாலியன்போர்க் என்பது எண்கோணச் சதுக்கத்தைச் சுற்றி நிற்கும் நான்கு மாளிகைகள். பிரபுக்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டவை. 1794-இல் கிறிஸ்டியான்ஸ்போர்க் அரண்மனை எரிந்தபோது வீடில்லாமல் நின்ற அரச குடும்பம் இங்கே குடிபுகுந்து இங்கேயே தங்கிவிட்டது. தினமும் பகல் 12 மணிக்குக் காவல் மாறும். காவலர்கள் 11:30-க்கு ரோசன்போர்க் பக்கமிருந்து தெரு வழியாக அணிவகுத்து வருவார்கள். சதுக்கத்தில் முண்டியடிப்பதைவிட வழியில் எங்காவது நின்று பார்ப்பது சுகம்.

சதுக்கத்தின் நடுவே ஐந்தாம் ஃபிரடெரிக்கின் குதிரைச் சிலை நிற்கிறது. மன்னர் இறந்தபின் 1771-இல் திறந்தார்கள். அதற்குப் பணம் கொடுத்தது ஆசியக் கம்பெனி, அதாவது சீனத்துத் தேயிலையிலும் நம் கரையோர வாணிபத்திலும் சம்பாதித்த டேனிஷ் கம்பெனி. பக்கத்தில் பளிங்குத் தேவாலயம். 1749-இல் அடிக்கல் போட்டு, 1770-இல் காசில்லாமல் நிறுத்தி, நூறு வருடத்துக்கு மேல் பாழாகக் கிடந்து, ஒரு பணக்காரர் புண்ணியத்தில் 1894-இல்தான் முடிந்தது. உள்ளே போக இலவசம். குவிமாடத்தின் அகலம் 31 மீட்டர். நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பாருங்கள், காலுக்கும் ஓய்வு.

காஸ்டெல்லெட் 1660-களில் எழுந்த நட்சத்திர வடிவக் கோட்டை. இன்றும் ராணுவத்தின் கையில்தான் இருக்கிறது, ஆனாலும் மண்மேட்டின் மேல் எல்லோரும் நடக்கலாம். ஒரு காற்றாலை, சிவப்பு வரிசை வீடுகள், அகழியில் வாத்துகள். நல்ல வெயில் நாளில் இந்த நடையின் சிறந்த அரை மணி நேரம் இதுதான். மழையில் இதுவே மோசமான அரை மணி நேரம், ஒதுங்க ஒரு கூரை கிடையாது.

டிக்கெட் செலவு ஏறக்குறைய பூஜ்யம் என்பதால் இதை மலிவான நடை என்பார்கள். திரும்பி வரும்போது அலுத்துப்போய் டாக்சி பிடிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டணத்துக்கு நால்வர் வட்டக் கோபுரம் ஏறியிருக்கலாம். கப்பலில் வந்து லாங்கெலினியே துறையில் இறங்குபவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. சிலை உங்கள் வாசலில் இருக்கிறது, இந்த நடையைத் தலைகீழாக நடந்து ஊருக்குள் வாருங்கள்.

## நடை 3: கிறிஸ்டியான்ஸ்போர்க்கிலிருந்து கிறிஸ்டியான்ஸ்ஹாவ்ன் வரை

ஒரே நடைதான் முடியும் என்றால் நான் சொல்வது இதை. தூரமும் குறைவு, இரண்டு இரண்டரைக் கிலோமீட்டர். வண்ண வீடுகளின் வரிசை இல்லை, கடற்கன்னி இல்லை. ஆனால் ஒவ்வொரு கட்டடமும் அடுத்ததற்குக் கதையைக் கைமாற்றும்.

காமல் ஸ்ட்ராண்ட் மெட்ரோ நிலையத்தில் ஏறி வந்தால் எதிரே கால்வாய். அதைத் தாண்டும் ஹோய்ப்ரோ பாலத்தில் நின்று குனிந்து தண்ணீரைப் பாருங்கள். அடியில் ஒரு கடல்மனிதனும் அவனுடைய ஏழு பிள்ளைகளும் வெண்கலச் சிலைகளாக நிற்கிறார்கள். மனிதப் பெண்ணான அம்மா விட்டுப் போய்விட்டாள், திரும்பி வா என்று கை நீட்டுகிறார்கள். 1992-இல் வைத்தது. தண்ணீர் தெளிவாக இருந்தால்தான் தெரியும். அங்கே கடற்கன்னியைச் சுற்றி நூறு பேர். இங்கே தலைக்கு மேல் ஊரே நடந்து போகிறது, குனிந்து பார்ப்பவர் ஒருவர் இருவர்.

பாலம் தாண்டினால் கிறிஸ்டியான்ஸ்போர்க். நாடாளுமன்றம், பிரதமர் அலுவலகம், உச்ச நீதிமன்றம் மூன்றும் ஒரே கூரையின் கீழ். பிஷப் அப்சலோன் 1167-இல் ஒரு கோட்டை கட்டியதிலிருந்துதான் ஊரின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். அந்தக் கோட்டை இந்த இடத்தில்தான் இருந்தது. அதன் அடித்தளக் கற்களை அரண்மனைக்குக் கீழே இறங்கிப் பார்க்கலாம், டிக்கெட் உண்டு. மேலே நின்ற அரண்மனை 1794-இல் எரிந்தது, திரும்பக் கட்டியது 1884-இல் எரிந்தது. இப்போதிருப்பது 20-ஆம் நூற்றாண்டின் கட்டடம். இதன் கோபுரம் 106 மீட்டர், பழைய ஊரின் கோபுரங்களிலேயே உயரமானது, லிஃப்டில் ஏறலாம், கட்டணம் இல்லை. பாதுகாப்புச் சோதனைக்கு வரிசை நிற்கும். காலையில் திறந்த உடனே போய்விட்டால் காத்திருப்பு குறையும். திறக்கும் நாளையும் நேரத்தையும் முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

அரண்மனைக்குப் பின்புறம் அரச நூலகத்தின் தோட்டம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. நான்காம் கிறிஸ்டியன் காலத்தில் இது போர்க்கப்பல்களுக்குச் சரக்கேற்றும் சிறு துறைமுகம்; தூர்த்துத் தோட்டமாக்கிவிட்டார்கள். கொண்டுவந்த சாப்பாட்டைப் பிரிக்க இதைவிட நல்ல இடம் மூன்று நடையிலும் இல்லை. பெஞ்சு உண்டு, நிழல் உண்டு, தத்துவஞானி கியர்க்ககார்ட் சிலையாக உட்கார்ந்து துணையிருப்பார்.

தோட்டத்தை விட்டு வெளியே வந்தால் பேர்சன், பழைய வணிகச் சந்தைக் கட்டடம். நான்கு டிராகன்களின் வால்கள் முறுக்கிக்கொண்டு 56 மீட்டர் உயரம் போன அதன் கோபுரத்தைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 2024 ஏப்ரல் 16 காலை அது எரிந்து விழுந்தது. நானூறு வயதான கட்டடத்தில் பழுதுபார்ப்பு வேலை நடந்துகொண்டிருந்த நேரம். தெருவில் போனவர்களும் அங்கு வேலை செய்தவர்களும் பெரிய பெரிய ஓவியங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். கட்டடத்தில் பாதி போயிற்று. இப்போது மறுகட்டுமானம் நடக்கிறது, அதனால் சாரத்தைத்தான் பார்ப்பீர்கள். 'பார்க்க ஒன்றுமில்லை' என்று சிலர் இதைத் தாண்டிப் போகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த ஊர் எரிந்து எரிந்து எழுந்த ஊர் என்று முதல் நடையில் கல்லில் பார்ப்பதை இங்கே மரச்சட்டங்களோடு நேரில் பார்க்கலாம்.

பேர்சனைக் கட்டத் தொடங்கியவர் அதே நான்காம் கிறிஸ்டியன். 1616-இல் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அனுமதி கொடுத்தார். 1618-இல் ஓவே ஜெட்டே தலைமையில் கப்பல்களை அனுப்பினார். கிட்டத்தட்ட அதே நேரத்தில் இங்கே வணிகச் சந்தைக்கு அடித்தளம் போட்டார், கால்வாய்க்கு எதிரே நங்கூரம் அடிக்கும் பட்டறையைக் கடற்படைக்கான தேவாலயமாக மாற்றினார், பாலத்துக்கு அந்தப் பக்கம் தன் பெயரிலேயே ஒரு வணிக ஊரை நிறுவினார். ஜெட்டே போய்ச் சேர்ந்த இடம் நம் தரங்கம்பாடி. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம், டான்ஸ்போர்க் கோட்டை. நாயக்கர் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தெருவில் பார்க்கக் கிடைக்காது. ஆனாலும் பேர்சன் முன்னால் நிற்கும்போது, மிளகுக்குக் கணக்குப் பார்த்த இடம் இது, மறுமுனை பொறையாற்றுக்குப் பக்கத்தில் என்று நினைத்துக்கொண்டால் கட்டடம் வேறு மாதிரித் தெரியும்.

நிப்பெல்ஸ்ப்ரோ பாலத்தைத் தாண்டினால் கிறிஸ்டியான்ஸ்ஹாவ்ன். டச்சு ஊர்களைப் பார்த்துப் போட்ட கால்வாய்கள், ஓரத்தில் கட்டிய படகுகள். இடப்பக்கம் ஸ்ட்ராண்ட்காதே தெருவில் ஆசியக் கம்பெனியின் தலைமையகம், 1738-இல் கட்டியது. முதல் கம்பெனி நொடித்துப்போய், பிறகு 1732-இல் புதிதாகத் தொடங்கிய கம்பெனி இது. இதே கம்பெனிதான் அமாலியன்போர்க்கின் குதிரைச் சிலைக்குக் காசு கொடுத்தது. கட்டடம் இன்று வெளியுறவு அமைச்சகத்தின் வசம் இருக்கிறது, உள்ளே விடமாட்டார்கள். தரங்கம்பாடியை 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். இங்கே வாசல் பலகையை நின்று படிக்க ஆள் குறைவு. கோட்டை வாசலில் நின்று டேனிஷ் எழுத்தைப் படிக்கும் கூட்டத்தைத் தரங்கம்பாடியில் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக மீட்பர் தேவாலயம். 90 மீட்டர் உயரம், 400 படி, அதில் கடைசி 150 படிகள் கோபுரத்துக்கு வெளிப்புறமாகத் திருகிக்கொண்டு போகும். மேலே போகப் போகப் படி குறுகும். திருகு தப்பான பக்கம் போய்விட்டதென்று கட்டியவர் மேலிருந்து குதித்துவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள், நம்பாதீர்கள். 1752-இல் முடிந்த பிறகும் அவர் ஏழு வருடம் இருந்தார். உயரத்துக்குப் பயப்படுபவர்கள் கீழேயே இருந்து உள்ளே உள்ள பைப் ஆர்கனைப் பாருங்கள், இரண்டு யானைகள் அதைத் தாங்கி நிற்கின்றன. யானை இந்த நாட்டின் மிக உயர்ந்த அரச விருதின் சின்னம். யானையே இல்லாத நாட்டில் யானை, அதுவும் ஒரு விசித்திரம்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். காற்று பலமாக இருந்தால் இந்தக் கோபுரத்தை மூடிவிடுவார்கள். கிறிஸ்டியான்ஸ்ஹாவ்னின் சில சந்துகள் தள்ளுவண்டிக்கு ஆகாது. முன்கூட்டிக் கொஞ்சம் படிக்காமல் வந்தால் இது வெறும் செங்கல் கட்டடங்களின் நடையாகப் போய்விடும். அரை மணி நேர வாசிப்புதான் இதன் உண்மையான கட்டணம்.

## ஒரே பார்வையில்

| | நடை 1 | நடை 2 | நடை 3 |
|---|---|---|---|
| தூரம் | 3 கி.மீ. சொச்சம் | 2½ கி.மீ., திரும்ப இன்னும் 1 | 2 முதல் 2½ கி.மீ. |
| நிதானமாக நடந்தால் | 4 மணி நேரம், ரோசன்போர்க் தனி | 3 மணி நேரம் | 3 முதல் 4 மணி நேரம் |
| டிக்கெட் | கோபுரம், அரண்மனை | அநேகமாக எதுவுமில்லை | தேவாலயக் கோபுரம், இடிபாடுகள் |
| மழை வந்தால் | கவலையில்லை | நனைய வேண்டியதுதான் | பாதிப் பாதி |
| முழங்கால் வலிக்கு | பரவாயில்லை | தூரம் அதிகம் | படி ஏறாவிட்டால் நல்லது |
| படிக்காமல் வந்தால் | ரசிக்கலாம் | ரசிக்கலாம் | பாதி புரியாது |

## எல்லா நடைக்கும் பொதுவான செலவுகள்

சுற்றுலா அட்டை ஒன்று விற்கிறார்கள். பல இடங்களுக்கு நுழைவும் ரயில், பேருந்துப் பயணமும் அதிலேயே அடக்கம். ஒரு நாளில் மூன்று நான்கு டிக்கெட் இடங்களுக்குள் நுழைபவர்களுக்கு லாபம். நடைக்காக வருபவர்களுக்கு அநேகமாக நஷ்டம். இன்னும் மோசம், அட்டை வாங்கிவிட்டோமே என்று காசை வசூலிக்க ஓட ஆரம்பித்துவிடுவோம்.

குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், பாட்டில் வாங்க வேண்டாம். நகராட்சியின் பொதுக் கழிப்பறைகள் பெரும்பாலும் இலவசம். பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அதுவும் குளிர்காலத்தில். திங்கள் ஒன்றுதான் கிடைத்தது என்றால் தெருவிலேயே பார்க்கக்கூடிய இரண்டாம் நடை முன்னுக்கு வரும்.

சைக்கிள் பாதையைப் பற்றி எத்தனை தடவை சொன்னாலும் போதாது. நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே அது ஒரு தனித் தளம். நம் ஊர் வழக்கத்தில் சாலையைக் கடக்கும்போது மட்டும் இருபுறமும் பார்த்துவிட்டு இறங்கினேன். மணியோசையும் கூடவே டேனிஷ் மொழியில் நாலு வார்த்தையும் காதோரம் பறந்து போயின. அர்த்தம் தெரியாவிட்டாலும் புரிந்தது. அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறவர்கள் இதை முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

## வழிகாட்டியோடு போனால் என்ன?

டிப்ஸ் மட்டும் வாங்கும் குழு நடைகள் நிறைய உண்டு. 'இலவசம்' என்று பெயர், முடிவில் தொப்பி வரும். குழுவின் வேகத்துக்கு நடக்க வேண்டும், உட்கார நினைத்தால் உட்கார முடியாது. முன்கூட்டிப் படிக்க நேரமே இல்லாதவர்களுக்கு, தனியாக வந்து நாலு பேரோடு பேச நினைப்பவர்களுக்கு அது சரி. வயதானவர்களோ சின்னக் குழந்தையோ கூட இருந்தால் வேண்டாம். இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே கதை கேட்பது நடப்பதைவிட அலுப்பு.

## சரி, யாருக்கு எது?

விமானம் மாறும் ஆறேழு மணி நேரம் என்றால் மூன்றாவது. விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் ஏறினால் கால் மணி நேரத்தில் கிறிஸ்டியான்ஸ்ஹாவ்ன் வந்துவிடும். நடையைத் தலைகீழாக நடந்து காமல் ஸ்ட்ராண்டில் முடிக்கலாம். பெரிய பெட்டி இருந்தால் விமான நிலையத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள், உருண்டைக் கல்லில் பெட்டி இழுக்கும் சத்தம் ஊருக்கே கேட்கும்.

குழந்தைகளோடு, டிசம்பர், மழை: முதலாவது. லாங்கெலினியேவில் கப்பல், அல்லது பளிச்சென்று வெயிலடிக்கும் ஜூன் மாலை: இரண்டாவது. அப்பா அம்மாவோடு என்றால் மூன்றாவதன் முதல் பாதி, கோபுர லிஃப்டும் நூலகத் தோட்டமும். அதுவே அவர்களுக்குப் போதும்.

இவ்வளவு சொன்ன பிறகும் "கடற்கன்னி?" என்று ஒரு குரல் வரும். எங்கள் வீட்டில் அம்மாவின் குரல். அதற்கு ஒரு வழி இருக்கிறது. மூன்றாம் நடையை மீட்பர் தேவாலயத்தில் முடித்துவிட்டு நிப்பெல்ஸ்ப்ரோ பாலத்துக்குத் திரும்பி வந்தால், பாலத்தடியில் மஞ்சள் நிறத் துறைமுகப் படகு நிற்கும். ஊர்ப் பேருந்துக்கு எடுக்கும் அதே டிக்கெட்தான் அதற்கும், சுற்றுலாப் படகின் விலை இல்லை. நியூஹாவ்னின் வாயில், ஓபரா மாளிகை எல்லாவற்றையும் தண்ணீரிலிருந்தே பார்த்துக்கொண்டு நோர்ட்ரே டோல்போட் துறையில் இறங்கினால் சிலைக்குப் பத்து நிமிட நடை. சிலையிடம் ஐந்து நிமிடம், போட்டோ ஒன்று. திரும்பும்போது படகின் வெளித்தளத்தில் இடம் கிடைத்தால் உட்காருங்கள், காதுக்கு ஒரு துணி இருக்கட்டும்.